மக்கரூன் என்று சொன்னவன்

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய காலம் அது, கண்ணுகளா. பினாங்கில் படகுத்துறைக்குப் போகிற வழியில் சிக்கந்தரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. அந்தக் கடைக்கு ஒரு விநோதமான வழக்கம் உண்டு. வேறு எதைக் கேட்டாலும் சிக்கந்தர் தலையாட்டிவிட்டு எடுத்து வருவார். மக்கரோனி வேண்டுமென்றால் மட்டும், சாப்பிட வந்தவரே அடுப்படித் திரையைப் பார்த்து அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டு வரும்.

திரை என்றால் பட்டுத் திரை இல்லை, அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்தது. அதற்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தவள் சிக்கந்தரின் தங்கை ருக்கையா. கடைப்பக்கம் வரவே மாட்டாள். வாடிக்கைக்காரர்களை அவள் கண்ணால் கண்டதில்லை, காதால்தான் தெரியும்.

"ஒரு பிளேட் மேக்ரோனி!" என்று மூக்கால் பேசினால் அது துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பக்கிரிசாமி. துரைமார் பேசுவதைக் கேட்டுப் பழகிய வாய். "மக்கரோணி" என்று அழுத்தினால் சம்பான் படகு ஓட்டுகிற யூசுப். மூட்டை தூக்கும் சீனர் ஒருவர், "மா... கா... லோ... னி" என்று ஒவ்வோர் எழுத்தையும் முதுகிலிருந்து இறக்குவதுபோல இறக்கி வைப்பார்.

"ஏன் கிராணியாரே, அது என்ன மே? ஆடு கத்துற மாதிரி இருக்குலா!" என்று யூசுப் சீண்டுவான்.

"உன்னுது மட்டும் என்னவாம்? செவத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

கடையே சிரிக்கும். உள்ளே ருக்கையாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அடுத்த குரலுக்குக் காதைக் கொடுப்பாள்.

ஏனென்றால் அந்த வழக்கத்தை வைத்தவளே அவள்தான், விளையாட்டுக்கு வைக்கவில்லை. அவள் கணவன் அப்துல் ரஹீம் ஓர் இத்தாலிக் கப்பலில் அடுப்படி வேலை பார்த்தவன். குழல்குழலான அந்த மாவுப் பண்டத்தை முதன்முதலில் பெட்டியோடு கொண்டுவந்து, ஆட்டுக்கறி ஆணத்தில், அதாவது குழம்பில், போட்டுப் பிரட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவன் அதை மக்கரோனி என்று சொல்லவே மாட்டான். "மக்கரூன்" என்பான். 'ரூ'வை நீட்டி, மிச்சத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவான். கப்பலின் தலைமைச் சமையற்காரன் ஊரில் அப்படித்தான் பேசுவார்களாம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்று போனவன் வரவில்லை. அவன் போன கப்பலும் வரவில்லை. மூழ்கிவிட்டது என்றார்கள் சிலர். சொந்தக்காரர்கள் வேறு மாப்பிள்ளையின் பேச்சை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"நோன்பு பொறக்குற வரைக்கும் பாப்போம் புள்ள," என்றார் சிக்கந்தர், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கு மேல நான் என்ன சொல்லி அவங்க வாய அடைக்கிறது?"

அந்தக் கப்பல் அடுப்படியில் அவனோடு நின்றவன் எவனாவது இந்தக் கரைக்கு வராமலா போவான் என்று ருக்கையா நினைத்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன? வாய் காட்டிக்கொடுத்துவிடும்.

நோன்பு நெருங்கிய ஒரு நாள். மழை பிடித்துக்கொண்ட மத்தியான வேளை.

"மக்கரூன்!"

அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றது.

"யாருண்ணே அது?"

"வெள்ளக்காரக் கப்பலாளும்மா. செம்பட்ட மீச. நம்ம பாஷ ஒண்ணும் தெரியாது போல."

ருக்கையா திரைப்பக்கம் ஓரடி வைத்தாள். ஆனாலும் அந்தச் சமையற்காரன் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், எல்லார் வாயும் அப்படித்தானே இருக்கும் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். தட்டை நிறைத்து நீட்டினாள்.

அவன் ஒரு வாய் வைத்தான். மென்றான். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினான்.

"ஆனா! ஆனா ராஹிம்!"

"என்னமோ கேக்குறான், எனக்கு வெளங்கல," என்றார் சிக்கந்தர்.

ருக்கையாவுக்கு விளங்கிவிட்டது. ரஹீம் கப்பல் சட்டியில் சாப்பிட மாட்டான். அதில் பன்றி வேகும். தனக்கென்று ஒரு சட்டி வைத்து ஆணம் காய்ச்சுவான், அதைத் திருடித் தின்னவே அடுப்படி ஆட்கள் சுற்றிச்சுற்றி வருவார்கள் என்று எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறான்! அவன் 'ஆனா' என்றது ஆணத்தைத்தான். அது அவள் வீட்டுச் சொல். இந்தச் செம்பட்டை மீசைக்காரனுக்கு அதை வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு ருக்கையா வெளியே வந்தாள். பக்கிரிசாமி எழுந்தே நின்றுவிட்டார். அவளுக்கு வந்தது கடைத்தெரு மலாய்தான்.

"ரஹீம்... ஹிடுப்?" உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள்.

"இதூபு! இதூபு!" என்றான் அவன். தப்பும் தவறுமான மலாய். அந்தக் கடையில் ஒருவரும் அவனைத் திருத்தவில்லை.

பிறகு தன் காலைத் தட்டி, கைகளால் குச்சியை முறிப்பதுபோலக் காட்டினான். கப்பல் அடிபட்டு ஜெனோவா துறையில் கிடக்கிறது, ரஹீம் கால் முறிந்து அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், எழுந்ததும் அடுத்த கப்பலில் வருவான் என்று கையாலும் பாதி மலாயாலும் சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது. ருக்கையா உள்ளே போய் இன்னொரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஒருவன் கடைக்குள் நுழைந்தான். சிக்கந்தர் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கினார். வந்தவன் திரையைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

"ஒரு மக்கெரோனி!"

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஜெனோவா தாதிமார்களோடு பேசிப்பேசி நாக்கு மாறிவிட்டது அவனுக்கு. வாலெல்லாம் முழுதாக, சுத்தமாக வந்து விழுந்தது.

"போச்சுடா!" என்றான் யூசுப் மெதுவாக.

"அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்க," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாதியில் உடைந்து, மறுபடி நிமிர்ந்தது. "ஒழுங்காச் சொல்றவுகளுக்குத்தான் தட்டு."

ரஹீம் ஊன்றுகோலை ஊன்றி நடந்தான். சாக்கில் முகம் படுகிற அளவுக்குப் போய் நின்று அதைச் சொன்னான். கடையில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.