இரட்டித்த புள்ளி

எங்கள் வீட்டில் முதலில் சொன்ன விலையை யாரும் நம்புவதில்லை. அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்து அலுத்துப்போய், பேரம் பேச முடியாத சரக்கைத் தேடித்தான் கணிதத் துறைக்கு ஓடினேன். அங்கே பக்கத்து அறைக்கு வந்தவர் என் தங்கையைக் கட்டி மாப்பிள்ளை ஆனார். தரகன் நான்தான்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்வோம். அதையே பரப்பளவாகக் கொண்டு, மூன்று பக்கமும் முழு எண்ணாகவோ பின்னமாகவோ அமைகிற செங்கோண முக்கோணம் உண்டா? ஐந்துக்கு உண்டு: 3/2, 20/3, 41/6. ஒன்றுக்குத் தலைகீழாக நின்றாலும் கிடையாது. பெரிய எண்களுக்கு முக்கோணத்தை நேராகத் தேடினால் ஆயுசு போதாது. அதனால் கொல்லைப்புற வழி. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எலிப்டிக் வளைவு உண்டு. அதன்மேல், கிடை அச்சில் படாத பின்னப் புள்ளி ஒன்று சிக்கினால் போதும், முக்கோணம் கைக்கு வந்துவிடும். அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்தால் இன்னொரு புள்ளியும் கிடைக்கும், இரட்டித்த புள்ளி என்போம். அதிலிருந்தும் அதே பரப்பளவில் ஒரு முக்கோணம் வரும், எண்கள் மட்டும் பூதமாக வீங்கியிருக்கும். ஐந்துக்கு அப்படி வருவதன் முதல் பக்கமே 1519/492.

இதை வைத்து எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் கண்டுபிடித்த புள்ளியைச் சொல்ல மாட்டேன். வீங்கிய இரண்டாவதை அவருடைய பலகையில் எழுதிவிட்டு வருவேன். அங்கிருந்து அவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பின்னால் நடந்து அசலை எட்டினால் கணக்கு சுத்தம். மறுநாள் கதவருகே வந்து, "போய்ப் பாத்துட்டேன் மச்சான், சுத்தம்" என்பார். கட்டுரை எழுதி இருவர் பெயரையும் போடுவேன். சரக்கை விரித்துக் காட்டச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

பல வருடம் எங்களுக்குத் தண்ணி காட்டிய எண் ஒன்று கடைசியில் எனக்குப் பணிந்தது. வழக்கம்போல எழுதிவிட்டு வந்தேன். இந்த முறை கதவருகே யாரும் வரவில்லை. தங்கைதான் போன் செய்தாள்.

"அண்ணா, அவர் தனியா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காராம். துறைக் கூட்டத்துல பேசப் போறாரு. வந்து முன் வரிசைல உக்காரு, என்ன?"

உட்கார்ந்தேன். திரையில் முக்கோணம் வந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரி நீளம். என் வீங்கிய புள்ளியிலிருந்து வருவதேதான், ஓர் இலக்கம்கூட மாறவில்லை. இந்த எண்ணுக்கு இதுதான் இருப்பதிலேயே சிறிய முக்கோணம் என்றார்.

"இதவிடச் சின்னது இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க மாப்ள?"

"எல்லாம் தேடிப் பாத்தாச்சு, சார்."

கதவருகே மச்சான், மேடையில் சார். எழுந்து போய்ப் பலகையில் சின்னதை எழுதினேன். அரை வரிகூட வரவில்லை. பின் வரிசையில் ஒருவர் மடிக்கணினியில் பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில், தண்ணீர் இயந்திரத்தின் அருகே மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டீங்களே மச்சான். வீட்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"நீங்க என்ன, வீட்ல கேட்டுட்டா எடுத்தீங்க? அத விடுங்க. இதுக்கு முன்னாடி நான் எழுதினதெல்லாம் பின்னால நடந்து பாத்தீங்களா?"

காகிதக் குவளையை நசுக்கினார். "எல்லாம் சரியாத்தானே வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"உங்க கணக்கு தப்பாகும்னு யாராவது நினைப்பாங்களா?"

அதைப் பாராட்டுபோலத்தான் சொன்னார். திருட்டைக்கூடச் செரித்திருப்பேன். எத்தனையோ கட்டுரைகளில் இன்னொரு கண் பார்த்திருக்கிறது என்று தைரியமாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கண் திறந்ததே இல்லை.

அரங்கிலிருந்து தங்கை வந்தாள், எங்கள் கணக்கு எதுவும் புரியாதவள். "என்னண்ணா, அவருக்கு நீ கையே தட்டலயே?"

"கை பூரா சாக்பீஸ்மா" என்றேன்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எங்களுடைய முதல் கட்டுரையை எடுத்து, அதன் வீங்கிய புள்ளியைப் பலகையில் எழுதினேன். அவர் நடந்ததாகச் சொன்ன வழியில், பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.