சாட்சி சொன்ன வாய்

சபைக் கட்டிடத்துக்குப் பின்னால் ஓர் அறை. ஞாயிறு பள்ளிப் படங்கள், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத மின்விசிறி. ஆண்டவர்மேல் கோபம் கொண்டவர்களுக்குச் சபை ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்! வெல்டர் வந்து அரை மணி நேரமாகியும் வாயைத் திறக்கவில்லை. எதிரே ஆலோசனை சொல்லும் சிஸ்டர். ஓய்வுபெற்ற நர்ஸ், இந்தச் சபைக்குப் புதியவர், அவசரப்படுத்தத் தெரியாதவர்.

"திட்டணும்னா திட்டுங்க பிரதர். அவர் தாங்குவார்."

அவ்வளவுதான், மடை உடைந்தது.

"இருபது வருஷம் சிஸ்டர்! ஒரு ஞாயித்துக்கிழமை தவறியிருப்பேனா? வாசல் கேட்டு, இந்த ஜன்னல் கம்பி எல்லாம் என் கையால பத்தவச்சது. எடுத்துக்கிட்டுப் போக அவருக்கு என் பொண்டாட்டிதான் கிடைச்சாளா? கல்நெஞ்சக்காரர்!"

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டான். மனைவி போய் ஏழு வாரம்தான் ஆகிறது.

"அவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"இருதயத்துல வால்வு மாத்தினவ. உபவாச ஜெபத்துல பூரண சுகம் கிடைச்சிடுச்சுன்னு நானே மைக்கைப் பிடிச்சு சாட்சி சொன்னேன். சபையே கை தட்டுச்சு."

"மாத்திரை?" என்றார் சிஸ்டர்.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். தீப்பொறி சுட்ட தழும்புகளைத் தேய்த்துக்கொண்டே, விட்டு விட்டுச் சொன்னான்.

சாட்சி சொல்லி வீடு திரும்பிய அன்று அவள் வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்தாள். "நீ சுகமாயிட்டேன்னு அத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ இதை முழுங்கினா நான் பொய்யனா?" என்று பிடுங்கிப் பரண்மேல் போட்டான். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேங்க" என்றாள். ஒரே தடவைதான். புருஷனுடைய விசுவாசத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாதென்று அப்புறம் கேட்கவே இல்லை, பாவி மகள். பதினெட்டாம் நாள் காலையில் அடுப்படியில் சரிந்தாள்.

சிஸ்டர் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டார். விழுங்கியது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"எனக்கே தெரியும் சிஸ்டர். வால்வுல ரத்தம் உறையாம இருக்கத்தான் அந்த மாத்திரையாம், அதை நிறுத்தவே கூடாதாம். அவ போனப்புறம் டாக்டர் சொன்னார்."

சிஸ்டர் தன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆண்டவர்மேல இருக்கிற கோபத்தையாவது இறக்கி வச்சிடலாமே பிரதர்?"

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க!" நாற்காலி பின்னால் விழ எழுந்தான். "அவரை விட்டுட்டா, கோபப்பட நான் ஒருத்தன்தான் மிச்சம். அப்புறம் நான் எப்படி உயிரோட இருக்கிறது?"

வேதாகமம் சிஸ்டரின் மடியில் இருந்தது. அவர் வசனம் எதையும் தேடவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அவனை உட்கார வைத்தார்.

"சரி, திட்டுங்க. அவரையே திட்டுங்க."

வெல்டர் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தைகூட வரவில்லை.