சிவக்காத ஸ்டிக்கர்

மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் அவள் அந்தப் பளபளப்பைக் கவனித்தாள்.

மேஜை மேல் ஒரு டம்ளர் வெந்நீர், இரண்டு மருந்துக் குப்பிகள். இரண்டிலும் அவள் கண்டுபிடித்த ஸ்டிக்கர். ஒன்று ஆய்வுக்கூடத்தில் அவளே செய்தது, மங்கிய நீலம். மற்றது அத்தானின் அச்சகத்தில் மொத்தமாக அடித்தது. சோப்பு டப்பா மாதிரி மின்னியது.

குளிரில் இருக்க வேண்டிய ஊசி மருந்து வழியில் சூடானால், ஸ்டிக்கரின் அடியில் உள்ள மெழுகு உருகிக் காகிதத்தில் ஊறும். நீலம் சிவப்பாகும். சிவந்த குப்பியை யாரும் தொடக்கூடாது. அவளுடைய இத்தனை வருட ஆராய்ச்சியின் சாரம் அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா புருஷனிடம் குனிந்தாள்.

"அத்தான், மேல என்ன பூசினீங்க?"

"வார்னிஷ். உன் ஸ்டிக்கர் அழுதுவடிஞ்சுது. விக்கணும்னா மூஞ்சி கொஞ்சம் களையா இருக்க வேணாமா?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா மெழுகைப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுப்ப. எதுக்கு வம்பு?"

வார்னிஷ் காகிதத்தின் துளைகளை அடைத்துவிட்டால் மெழுகு எங்கே போய் ஊறும்?

"என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? விலையை ஏத்தப் போறீங்களா?" அதிகாரி சிரித்தார். "கடைசியா ஒரு தடவை சிவக்க வெச்சுக் காட்டுங்க. கண் குளிரப் பார்த்துட்டுப் போடறேன்."

அத்தானின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு மங்கிய குப்பியை எடுத்து வெந்நீர் டம்ளரில் போட்டது. சிவப்பு குபுகுபுவென்று பரவியது.

"பிரமாதம்," என்றார் அதிகாரி.

மேஜைக்கு அடியில் அத்தான் அவள் காலை மிதித்து, காதோரம் முணுமுணுத்தார். "வாயைத் திறக்காத. கையெழுத்து ஆகட்டும், எல்லாத்தையும் புதுசா அடிச்சு மாத்திடறேன்."

"காலையில மாதிரிக்குன்னு நம்ம ஸ்டிக்கர் ஒட்டி இவங்க ஆஸ்பத்திரிக்குப் போன மருந்து வேன்ல இருக்கிறது?"

"அது கூலர் வேன்மா. மருந்து சூடானாத்தானே உன் ஸ்டிக்கருக்கு வேலை."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. அவள் பளபளக்கும் குப்பியை எடுத்து அதே டம்ளரில் போட்டாள்.

நீலம். ஆவி பறந்தது. அப்போதும் நீலம்.

"இது எப்பம்மா சிவக்கும்?"

"சிவக்காது சார். காலையில வேன்ல போனது எல்லாமே இந்த மாதிரிதான்."

அதிகாரி பேனாவை மூடினார். வேன் டிரைவருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்.

"எங்கப்பா இருக்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல சார். வழியில கூலர் மக்கர் பண்ணிடுச்சு. உள்ள அடுப்பு மாதிரி ஆயிடுச்சு, பயந்தே போயிட்டேன். ஆனா ஒண்ணுகூடச் சிவக்கல சார். அதான் தைரியமா இறக்கிட்டிருக்கேன்."

அவள் போனைப் பறித்தாள். "அண்ணே, இறக்காதீங்க. அந்த ஸ்டிக்கரை நம்பாதீங்க. மருந்து கெட்டிருக்கும்."

"நீங்க யாரும்மா?"

"அதைச் செஞ்சவ."

"ஒரு பெட்டியை நர்ஸம்மா வார்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"ஓடுங்கண்ணே."

செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. ஒரு கதவு அடித்துக்கொண்டது. யாரோ, "யோவ், உள்ள வராதய்யா," என்று அதட்டினார்கள். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி மூன்று பேரும் அந்தப் போனையே வெறித்தார்கள். அத்தானின் நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்துவிட்டது, அவர் துடைக்கவில்லை.

"புடுங்கிட்டேன்மா." டிரைவருக்குப் பேச மூச்சில்லை. "ஊசியில ஏத்திட்டாங்க. குத்தறதுக்குள்ள புடுங்கிட்டேன். நர்ஸம்மா கிழிகிழின்னு கிழிக்கிறாங்க."

"போனை அவங்ககிட்ட குடுங்க. நான் சொல்றேன்."

அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்த அதிகாரி, கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"சார்..." என்றார் அத்தான்.

"இன்னைக்கு இல்ல. முதல்ல ஒழுங்கா அடிங்க. அப்புறம் எங்க ஆள் வந்து சோதிப்பார். எந்தக் குப்பின்னு அவர் சொல்வார். நீங்க எடுத்து நீட்டக் கூடாது."

அவர் போன பிறகு அத்தான் டம்ளரிலிருந்து பளபளக்கும் குப்பியை எடுத்தார். நகத்தால் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே அச்சகத்துக்குப் போன் செய்தார்.

"மெஷினை நிறுத்துடா. ஆமா, இப்பவே. ஸ்டிக்கரைக் கண்டுபிடிச்ச அம்மா வர்றாங்க. அவங்க சொல்றபடி செய்."