ரேஞ்சர் தொப்பி

வாமன் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிப் பார்த்தான். கட்டத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே குக்கரஹள்ளி ஏரி மே மாத வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

சுலோசனாவின் கையில் ரேஞ்சர் தொப்பி இருந்தது. கொடுத்தவன் அவன்தான்.

முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பொதுக்கொள்கை சொல்லித்தரும் கோடைப் பள்ளி. பல நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். கடைசி நாள் பாடத்தை நாடகமாக நடத்துவது நெதர்லாந்துப் பேராசிரியையின் முறை. ஒருவர் அதிகாரி, ஒருவர் ஊர்க்காரர். தொப்பி போட்டவர் அதிகாரியின் பக்கத்தை மட்டுமே பேசலாம். இந்த ஆண்டு எடுத்துக்கொண்டது ஹனூருக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் கிராமம். அதைக் காலி செய்வதா, வேண்டாமா? கேட்பதற்கு வனத்துறைச் செயலாளரே பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அந்த ஊரின் கோப்பு உண்மையாகவே அவர் மேசையில் இருந்தது.

அது சுலோசனாவின் ஊர். வேஷங்களைப் பிரித்துக் கொடுத்தது ஒருங்கிணைப்பாளன் வாமன்; ஊர்க்காரர் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

"என்ற ஊருக்கு நான்தான் பேசோணும்" என்று முந்தின நாள் கேட்டாள்.

"நீ பேசினா அழுதுடுவே. பாலிசில அழுகை எதுக்கு? சும்னே கோவிச்சுக்காதே, சுலோ. பாயிண்ட்ஸ் இருந்தா எழுதிக் கொடு, நான் சொல்லிடறேன். உங்க ஊர்க்காரா எப்படி அங்க வந்தான்னு மட்டுமாவது சொல்லேன்."

"காட்டோரத்துல குடியிருக்கறதுன்னா தெரியுமா உனக்கு? யானையக் கண்டிருக்கியா?"

"தசராவுல வருஷா வருஷம் பாக்கறேனே."

அவள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசி வரிசையில் அவள் அண்ணன் ஆறுமுகசாமி உட்கார்ந்திருந்தான். ஹனூரில் பஸ் மாறி வந்திருந்தான். "நீ பெரிய ஐயாகிட்டப் பேசப்போறேன்னு ஊரே வந்து பஸ் ஏத்தி உட்டுது, அம்மிணி" என்றான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. தனக்கு எந்த வேஷம் என்பதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

வாமன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். ஆங்கிலத்தில் உரிமை என்றான், வாழ்வாதாரம் என்றான். பேராசிரியை தலையாட்டினாள். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுலோசனா தொப்பியைப் போட்டுக்கொண்டாள். உங்களை இங்கே குடியேறச் சொன்னது யார் என்று கேட்டாள்.

வாமன் குறிப்புத் தாளைப் புரட்டினான். பதில் அவளிடம் இருந்தது. தேக்கு நட ஆள் வேண்டும் என்று அவள் தாத்தாவைக் கூட்டிவந்து குடிவைத்ததே வனத்துறைதான். பட்டா தருகிறோம் என்றார்கள். தரவில்லை. அந்த ஒரு வரி போதும். நேற்று அவன் கேட்டதும் அதைத்தான்.

தலைப்பாகை அவிழ்ந்து அவன் காதோரம் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

பட்டா இல்லாத நிலம் என்றாள். விறகுத் திருட்டு என்றாள். வேலியில் மின்சாரம் பாய்ந்து செத்த யானையைச் சொன்னாள். வாமன் உதட்டை நக்கினான். செயலாளர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. ஆங்கிலம் போதவில்லை. சின்ன வயதில் வீட்டு வாசலில் ரேஞ்சர் அதட்டக் கேட்ட கன்னடம், கேட்ட அதே குரலில் வந்தது.

"எத்து நில்லோ! பத்ர எல்லோ?"

எழுந்து நில்லுடா, பத்திரம் எங்கேடா.

வாமன் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான்.

பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆறுமுகசாமி எழுந்து நின்றிருந்தான். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.