செம்புப் பெட்டியில் ஒரு சொட்டை

அன்று எங்கள் பட்டறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பி, தம்பி மகள், பெட்டியைச் சோதித்து வாங்க வந்த பொறியாளர் அம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்பவர்கள் இருக்கவில்லை.

தம்பி மகள் நுண்ணலைக் கருவிகளை வடிவமைப்பவள். மருத்துவமனை இயந்திரங்களுக்கு நுண்ணலை ஊட்டும் கருவி அதுவரை அலமாரி அளவில் இருந்தது. அவள் அதைச் சாப்பாட்டு டப்பா அளவுக்குச் சுருக்கினாள். அலை போகும் செம்புக் குழாயை மடித்து மடித்து உள்ளே அடக்கினாள். மின்சாரம் கம்பிக்குள் ஓடும். இந்த அலையோ வெறும் குழாயின் வெற்றிடத்தில், சுவரோடு சுவராகத் தடவிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவரைப் போலப் போகும். மூடி போடுமுன் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தேன். செம்பில் செம்பு தெரிந்து, அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லா அறையிலும் அந்தி வெளிச்சம். உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள் என்றே பட்டது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அன்றைய சோதனையில் தேறினால் அவள் வடிவம் நிற்கும். இல்லாவிட்டால் பழைய அலமாரிக்கே திரும்பிவிடுவோம் என்று வாங்குகிற நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள்.

அளவுக் கருவியின் திரையில் பச்சைக் கோடு ஒன்று, காற்றில்லாத ஏரியாகக் கிடந்தது. அதில் ஒரு பள்ளம்; அலையின் சுருதியைக் காட்டுவது. அது குறித்த இடத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் விலகி நின்றது.

"நேத்து சரியா நின்னுச்சே," என்றாள் தம்பி மகள். பிறகு மெல்லத் திரும்பினாள். "அப்பா, மூடியைக் கழட்டி உள்ள தேய்ச்சீங்களா?"

"வர்றவங்க திறந்து பார்த்தா பளபளன்னு இருக்க வேண்டாமா? லேசாத்தாம்மா பாலிஷ் போட்டேன்," என்றான் தம்பி.

"முடியளவு செம்பு போனாலே உள்ள இடம் பெருசாயிடும்பா. அலையோட சுருதி இறங்கிடும்."

"சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றார் பொறியாளர்.

"வெளியிலேர்ந்து பக்கச் சுவரைத் தட்டி உள்ள தள்ளணும். ஒரு சொட்டை விழும்."

பொறியாளர் தலையாட்டினார். அவர்கள் தொழிலில் அது வழக்கமாம். எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

"சொட்டையோட எதுவும் நம்ம வாசலைத் தாண்டாது," என்றேன்.

"அப்ப உங்க தம்பி எப்படிங்க தினமும் தாண்டுறாரு?" என்றாள் என் மனைவி.

தம்பி தலையைத் தடவிக்கொண்டான். பொறியாளர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை.

"பெரியப்பா," என்றாள் தம்பி மகள். "நாலு பேர் சொட்டை சொல்லக் கூடாதுன்னுதானே பார்க்கறீங்க? இப்படியே அனுப்பினா இது வேலை செய்யாது. அப்ப நம்மளைச் சொட்டை சொல்ல நாலு பேர் வேண்டாம், இவங்க ஒருத்தரே போதும்."

பொறியாளர் மறுக்கவில்லை.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டியை இரு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்தேன். "அடி," என்றேன்.

சிறு சுத்தியலால் தட்டினாள். தட்டத் தட்டத் திரையில் பள்ளம் வலப்பக்கம் மிதந்து வந்தது. செம்பின் அதிர்வு என் உள்ளங்கையில் ஏறியது. உள்ளே அந்தி அறைகளில் யாரோ விளக்கோடு அறை மாறிப் போவதாகத் தோன்றியது. சத்தம் போட்டால் கலைந்துவிடுவார்களோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். பள்ளம் குறியில் வந்து நின்றது. வெயில் அந்தச் சொட்டைக்குள் சிறு குளமாகத் தேங்கி நின்றது.

"எடுத்துக்கறோம்," என்றார் பொறியாளர்.

சொட்டை மேல்பக்கம் வரும்படி நானே பொதிந்து கொடுத்தேன்.

பெட்டி என் கை தவறிக் கீழே விழுந்து நசுங்கியதென்றும், வயதானவர் என்று இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றும் உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. விழவில்லை. அடித்தோம்.