பின்சக்கரத்துக்கு போல்ட் இல்லை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டுநர் தேர்வுத் திடலில் பின்னோக்கி வந்த சாம்பல் நிறச் சிறிய கார் ஒன்று இடப்பக்க மஞ்சள் கோட்டின் மேல் ஏறியது.

ஓட்டியவர் ஒரு நர்ஸ். தேர்வில் அவருக்கு இது இரண்டாவது தோல்வி. பிரசவமான பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்கு மருத்துவமனை அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. இரவுப் பணி இல்லாத வேலை. மாத முடிவுக்குள் ஓட்டுநர் உரிமம் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. காட்டாவிட்டால் அந்த வேலை அதே வார்டில் இருக்கும் இன்னொரு நர்ஸுக்குப் போய்விடும். அந்த இன்னொருவர் தினமும், "என்னக்கா, லைசென்ஸ் வந்துடுச்சா?" என்று மிகுந்த அன்போடு விசாரித்துக்கொண்டிருந்தார்.

திடலின் வேலியோரம் நர்ஸின் கணவரும் தம்பியும் நின்றிருந்தார்கள். கணவர் கார் மெக்கானிக். சக்கரங்களை நேராக்குவதுதான் அவர் தொழில். அவர் போட்டிருந்த நீலச் சட்டையின் முதுகில் "வீல் அலைன்மென்ட் - நூல் பிடித்தாற்போல் ஓடும்" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. தம்பி செல்போன் கடை வைத்திருப்பவன். அக்காவின் தேர்வைப் பார்க்கவென்றே அன்று கடையைத் திறக்காமல் வந்திருந்தான்.

தேர்வாளர் நர்ஸை இன்னொரு முறை முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"உங்க கையில குத்தம் இல்லம்மா. வண்டி நண்டு மாதிரி போகுது. முன்பக்கம் ஒரு வழி, பின்பக்கம் ஒரு வழி. யாரு இந்த வண்டியப் பாக்குறது?"

மெக்கானிக் மெல்லப் பின்னால் நகர்ந்து முதுகை வேலியில் சாய்த்துக்கொண்டார்.

"ஏன் மாமா மறைக்கிறீங்க? நல்ல விளம்பரமாச்சே," என்றான் தம்பி.

"வாய மூடுடா."

"சரி பண்ணிட்டு வாங்க. இப்படியே கொண்டு வந்தீங்கன்னா அடுத்த தடவ உள்ளயே விட மாட்டேன்," என்றார் தேர்வாளர். அடுத்த முறை என்பது இருபத்தைந்தாம் தேதி. அதற்குப் பிறகு அந்த மாதத்தில் தேர்வு கிடையாது.

வீடு திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது நர்ஸ் கேட்டார்: "ரெண்டு மாசமா என் கை ஆடுது, கை ஆடுதுன்னு சொன்னது யாரு?"

"பச்சை விழுந்துடுச்சு பாரு," என்றார் கணவர்.

மெக்கானிக்கின் வழக்கம் இது: கடைக்கு வரும் சிறிய கார்களில் முன்சக்கரங்களை மட்டுமே அளப்பார். இந்த மாதிரிக் கார்களை இழுப்பது முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் ஒரே இரும்புக் குறுக்குத் தண்டின் இரு முனைகளில் உட்கார்ந்து சும்மா கூடவே உருளும். திருகித் திருத்த அங்கே போல்ட் எதுவும் கிடையாது. "போல்ட்டே இல்லாத எடத்த அளந்து என்ன பண்றது? அழுதுட்டு வர்றதா?" என்பார். அளவு இயந்திரத்தோடு வந்த பின்சக்கரப் பிடிகள் இரண்டும் சுவரில் தொங்கின. ஒன்றில் அவருடைய துண்டு, இன்னொன்றில் சாப்பாட்டுப் பை.

சொந்தக் காரையும் இப்படித்தான் இரண்டு முறை சரிபார்த்திருந்தார். கடைக்குள் ஸ்டியரிங் நேராக இருக்கும். சாலையில் இறங்கினால் அதைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் கார் நேராகப் போகும். பழகினால் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். மனைவியும் பழகிவிட்டார்.

அன்று மாலை கடையில் துண்டும் சாப்பாட்டுப் பையும் கீழே இறங்கின. நான்கு சக்கரங்களிலும் பிடிகள் மாட்டப்பட்டன. திரையில் மூன்று எண்கள் பச்சையாக இருந்தன. வலது பின்சக்கரத்துக்கான எண் மட்டும் சிவப்பு. அந்தச் சக்கரத்தின் முன்விளிம்பு வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"தண்டு வளைஞ்சிருக்கு. யாரோ நடைபாதை ஓரக்கல்லுல சைடு வாங்கி நல்லா இடிச்சிருக்காங்க," என்றார் மெக்கானிக்.

தம்பி கடை மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களைத் திடீரென்று ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினான்.

"டேய்," என்றார் நர்ஸ்.

"மழைக்கா. ரோடே தெரியல."

"எப்போ?"

"நீ ஓட்டக் கத்துக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. பழி உன் மேல வரக் கூடாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்."

"யார் மேல வந்துச்சு?"

தம்பி மறுபடியும் டயர்களைப் பார்த்தான்.

போல்ட் இல்லாத இடத்தைத் திருத்த ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும் ஆப்புத் தகட்டைத் தண்டின் முனைக்கும் சக்கர மையத்துக்கும் நடுவே செருக வேண்டும். மெக்கானிக்குக்கு இது தெரியும். ஆனால் கடை தொடங்கியதிலிருந்து செய்ததில்லை. சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றினார். சக்கர மையத்தைத் தண்டோடு பிணைத்திருந்த நான்கு போல்ட்டுகளை முனகியபடி திருகி எடுத்தார். தகட்டை வைத்தார், எல்லாவற்றையும் பூட்டினார், திரையைப் பார்த்தார்.

சிவப்பு எண் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது.

"மெஷின் பழசு," என்றார்.

"தகட்ட திருப்பி வச்சுட்டீங்களோ மாமா?"

"உன் வேலையப் பாருடா. செல்போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற பய."

தம்பி தேநீர் வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் மெக்கானிக் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கழற்றி, தடித்த பக்கம் பின்னால் வரும்படி தகட்டைத் திருப்பிப் பூட்டினார். அவன் வந்து பார்த்தபோது நான்கு எண்களும் பச்சை.

"மெஷின் தானா சரியாயிடுச்சா?"

"சூடேறணும் அதுக்கு."

மெக்கானிக் சாவியை மனைவியிடம் நீட்டினார். முகத்தில் பெருமை வழிந்தது. "இப்ப ஓட்டிப் பாரு. வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும்."

நர்ஸ் காரைக் கடைக்குள்ளிருந்து முன்னால் எடுத்தார். கார் அப்படியே வலப்பக்கம் வளைந்து போய் டயர் அடுக்கில் முட்டியது. மேலிருந்த டயர் ஒன்று உருண்டு வந்து தம்பியின் காலடியில் படுத்தது.

"நல்லா இருந்த வண்டியக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

"நல்லா இருந்த வண்டியா? ஸ்டியரிங்க ஏன் சாய்ச்சுப் பிடிச்ச?"

"நீங்கதான பழகச் சொன்னீங்க!"

அடுத்த பத்து நாட்கள் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் கழிந்தன. பின்னோக்கி வரும்போது கார் கோடு போட்டதுபோல வந்தது, ஏனென்றால் அப்போது நர்ஸ் கண்ணாடியையும் தரையையும் பார்த்தார். முன்னோக்கிப் போகும்போது மட்டும் கை தானாக வலப்பக்கம் சாய்ந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து "நேரா, நேரா" என்று கத்தினார். பின்னிருக்கையிலிருந்து தம்பி "வலது, வலது" என்று எச்சரித்தான். அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு நர்ஸ் வலது பக்கம் திருப்பினார்.

ஒரு கட்டத்தில் மெக்கானிக் மனம் உடைந்து, "பேசாம தகட்ட உருவிடட்டுமா?" என்று கேட்டார்.

"உருவிட்டா அவர் உள்ளயே விட மாட்டார். ரெண்டு பேரும் எறங்குங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"எறங்குங்கன்னேன்."

இறங்கினார்கள். நர்ஸ் என்ஜினை அணைத்தார். அவர் பார்வை ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த கார் கம்பெனியின் வெள்ளி நிற முத்திரையில் நின்றது. அது சாய்ந்திருந்தால் கார் நேராகப் போகிறது என்று அர்த்தம். இத்தனை நாளும் சாலையை அல்ல, இதைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முத்திரையின் மேல் விரித்து ஓரங்களைச் செருகினார்.

"என்னம்மா பண்ற?" வெளியிலிருந்து கணவர் கேட்டார்.

"வார்டுல ஸ்ட்ரெச்சர் இருக்குல்ல, ஒரு சக்கரம் எப்பவும் இழுத்துக்கிட்டே போகும். தள்ளும்போது நான் கைப்பிடியவா பாக்குறேன்? கடைசில இருக்கிற கதவப் பாக்குறேன். அது பாட்டுக்குப் போகுது. இதுவும் அப்படித்தான் போகணும்."

மைதானத்தின் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைப் பார்த்தபடி ஓட்டினார். முதல் தடவை கார் லேசாக அலைந்தது. மூன்றாவது தடவை நேராகத் தொட்டியருகே போய் நின்றது.

"மாமா, அந்த ஸ்ட்ரெச்சரையும் கடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க," என்றான் தம்பி. "ஆஸ்பத்திரி வாடிக்கை கிடைக்கும்."

மெக்கானிக் குனிந்து மண்ணில் பதிந்திருந்த சக்கரத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே போயிருந்தது.

இருபத்தைந்தாம் தேதி நர்ஸ் தேர்வுக்குப் போனார். கணவரும் தம்பியும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். முன்னோக்கியும் பின்னோக்கியும் கார் எந்தக் கோட்டையும் தொடவில்லை. உரிமம் அந்த வாரமே கிடைத்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவர் புதிய வேலைக்குக் காரில் போகிறார். மெக்கானிக் கடைக்குப் பேருந்தில் போகிறார்.