பச்சைக் காலர் போட்ட தேவதை

தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னலின் திறப்பு விழா நெருங்க நெருங்க, தையல்காரர் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் சமையலறையில் நின்றால் அவர்கள் சாப்பாட்டு மேசை தெரியும். அதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டா பாத்திரம் கழுவ முடியும்?

போர்க்காலத்தில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். ஒரு மாலை ஜெபத்தின் நடுவில் கோபுர மணி அலறியது. எல்லோரும் எதிர்வீட்டு நிலவறைக்கு ஓடினோம். மூச்சிரைக்கக் கடைசியாக வந்தவள் தையல்காரர் மனைவி. கதவைச் சாத்தியதும் குண்டு விழுந்து தேவாலயத்துக் கூரை பறந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மணியடிக்கும் பெரியவரோ மணி அலறியபோது ஜெபத்தில் எங்களோடு உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தவர். அப்படியானால் அடித்தது தேவதைதான் என்றார் ஃபாதர். ஊரும் நம்பியது. அந்தத் தேவதையையே புது ஜன்னலில் வரைய ஒரு கண்ணாடி ஓவியரை அழைத்தார்கள்.

ஆனால் ஓடும்போது பெரியவர் கோபுரப் படியில் ஒரு உருவத்தைப் பார்த்திருக்கிறார். முகம் தெரியவில்லை, கழுத்தில் பச்சையாக ஒரு காலர். அதை அப்படியே கண்ணாடி ஓவியரிடம் சொல்லிவிட்டார் மனுஷன். ஓவியர் நேராகத் தையல் கடைக்கு வந்து, தேவதையின் காலருக்கு நிறம் பார்க்க வேண்டும் என்று பச்சைத் துணியில் ஒரு துண்டு கேட்டார். தையல்காரர் வெள்ளந்தியாக வெட்டிக் கொடுத்தார். உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் விரலில் ஊசி ஏறியது.

துணிப் பஞ்சத்தில் அவளுக்குக் கோட்டு தைத்த தையல்காரர், காலருக்குத் துணி போதாமல் பழைய பச்சைத் திரையைக் கிழித்து வைத்திருந்தார். ஊரில் அப்படி ஒன்றுதான் உண்டு. அன்று ஜெபத்துக்கு வராத இன்னொரு ஆள் ரொட்டிக் கடைக்காரர். முடிச்சுப் போட எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

விழா அன்று திரை விலகியது. வெயிலில் தேவதை ஜொலித்தது, பச்சைக் காலரோடு. “என் கண்ணால பாத்தது” என்று பெரியவர் மார்தட்டினார். தலைகள் ஒவ்வொன்றாகத் தையல்காரர் மனைவி பக்கம் திரும்பின. தையல்காரர் மட்டும் அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். “நான்தான் அடிச்சேன். மேலேருந்து பாத்தா பிளேன் வர்றது தெரிஞ்சுது.”

“ஜெப நேரத்துல மேல உனக்கு என்னம்மா வேலை?” என்றாள் ஃபாதரின் அக்கா. ரொட்டிக் கடைக்காரர் தன் நகங்களை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நான்தான் அனுப்பினேன்” என்றார் தையல்காரர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “வெளிச்சம் பிளேனுக்குத் தெரியாம இருக்க கோபுர ஜன்னலுக்குக் கறுப்புத் திரை தைக்கணும்னு, அளவெடுக்க.”

ஃபாதர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். கோபுரத்தில் அந்தத் திரைகள் குண்டு விழுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தொங்கின. தைத்தவரும் அவர்தான். எனக்குத் தெரியும், ஆனாலும் என் வாய் திறக்கவில்லை. அவள் அடித்த மணியில் பிழைத்த வாய் ஆயிற்றே.

கலைந்தபோது அவர்கள் பின்னாலேயே போனேன், தற்செயலாகத்தான். வாசலில் அவர் கதவைத் திறந்து, அவள் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

“உள்ள வா” என்றார். “எடுத்த அளவைச் சொல்லு.”

பட்டப்பகலில், எங்கள் சமையலறையைப் பார்த்த அந்த ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.